வயசானவங்க தலைசுத்தல்: கழுத்து தேய்மானம்னு சொல்லி மாத்திரையோட விட்டுடலாமா?

ஜூன் 3: ஒரு வாசகர் கேட்டது

"அப்பாவுக்கு 74 வயசு. படுக்கையில வலது பக்கம் புரண்டாலோ மேல் அலமாரிய நிமிர்ந்து பாத்தாலோ தலை சுத்துதுங்கறார். கழுத்து எக்ஸ்ரே எடுத்து தேய்மானம்னு சொல்லி கழுத்துப் பட்டையும் தலைசுத்தல் மாத்திரையும் குடுத்தாங்க. மாசக்கணக்கா மாத்திரை ஓடுது, ஆளு மந்தமா இருக்கார், தடுமாற்றம் மட்டும் போகல. இந்த வயசுல இப்படித்தான், ஒரு இடத்துல உக்கார வச்சிடுங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. அதான் சரியா?"

ஜூன் 3, ராத்திரி

உக்கார வச்சிடாதீங்க. அது ஒண்ணை மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

அறுபது தாண்டின யாருக்கு கழுத்து எக்ஸ்ரே எடுத்தாலும் பெரும்பாலும் தேய்மானம் தெரியும், தலை சுத்தாதவங்களுக்கும் தெரியும். அதனால படத்துல தேய்மானம் இருக்குங்கறது தலைசுத்தலுக்குக் காரணம்னு ஆயிடாது. நீங்க எழுதினதுல எனக்கு முக்கியமா பட்டது அந்த ரெண்டு அசைவுதான், புரள்றது, நிமிர்ந்து பாக்கறது. அப்படி அசைஞ்சதும் வந்து ஒரு நிமிஷத்துக்குள்ள அடங்குதான்னு அப்பாகிட்ட கேளுங்க. ஆமான்னா முதல் சந்தேகம் உள்காது மேலதான் போகணும். டாக்டர்கள் பிபிபிவின்னு சொல்வாங்க. உள்காதுல கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒரு பையில ஒட்டிகிட்டு இருக்கும், வயசாக ஆக சிலது கழண்டு பக்கத்துல இருக்கற அரைவட்டக் குழாய்க்குள்ள போயிடும். தலைய சாய்ச்சா துகள் உருளும், குழாய்ல இருக்கற திரவம் நகரும், தலை நின்னப்புறமும் மூளைக்கு "சுத்திகிட்டே இருக்கோம்"னு சேதி போகும். அவ்வளவுதான் விஷயம்.

கண்டுபிடிக்க எந்த மெஷினும் வேண்டாம். உக்கார வச்சு தலைய 45 டிகிரி திருப்பி, சட்டுன்னு மல்லாக்க படுக்க வச்சு, தலை கொஞ்சம் கீழ தொங்கற மாதிரி பிடிச்சுகிட்டு கண்ணைப் பாப்பாங்க. சில செகண்ட் கழிச்சு கருவிழி துடிச்சு சுழலும். டிக்ஸ் ஹால்பைக் டெஸ்ட்னு பேர், 1952லேர்ந்து இருக்கு. காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டயோ நரம்பு டாக்டர்கிட்டயோ போய் "இந்த டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா"ன்னு நேரா கேளுங்க.

ஜூன் 4

நான் இவ்வளவு வேகமா எழுதறதுக்குக் காரணம் எங்கம்மா. அவங்க "சுத்துது"ன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. "ஒரு மாதிரியா இருக்கு", "கால் தரையில நிக்க மாட்டேங்குது", இவ்வளவுதான். அதனால யாருமே காதைப் பத்தி யோசிக்கல. பலவீனம்னாங்க, ரத்தம் கம்மின்னாங்க, மனசுன்னு கூட ஒருத்தர் சொன்னார். வயசானவங்களுக்கு பிபிபிவி வந்தா பல பேர் இப்படித்தான் சொல்வாங்களாம், அறை சுத்தறது தெரியாது, பொதுவா ஒரு தள்ளாட்டம்தான் தெரியும். முதியோர் கிளினிக்குக்கு வேற வேற காரணத்துக்காக வந்தவங்கள சும்மா இந்த டெஸ்ட் வச்சு பாத்தப்ப நூத்துல 9 பேருக்கு யாருக்குமே தெரியாம இது இருந்துச்சுன்னு 2000ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு. ஒன்பது பேரும் "வயசாயிடுச்சு"ன்னு சொல்லிட்டு வீட்ல உக்காந்திருந்திருப்பாங்க, நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

அதனால என்ன வார்த்தைல சொல்றாங்கன்னு விட்டுடுங்க. எப்ப வருது, எவ்வளவு நேரம் இருக்கு, என்ன பண்ணா வருது, இந்த மூணையும் ஒரு வாரம் தாள்ல எழுதி டாக்டர்கிட்ட குடுங்க. எங்க குடும்பத்துல அந்த ஒரு தாள் பண்ண வேலைய ஸ்கேன் பண்ணல.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழிச்சு

வைத்தியம் என்னன்னு கேட்டிருந்தீங்க. எப்லி முறை. துகளை வந்த வழியே திருப்பி உருட்டி விடறது. வலது காதுன்னா: உக்காந்து தலைய வலது பக்கம் 45 டிகிரி திருப்பணும், அப்படியே படுத்து தலைய கொஞ்சம் தொங்க விடணும், சுத்தல் அடங்கற வரைக்கும், குறைஞ்சது அரை நிமிஷம் இருக்கணும். அப்புறம் தலைய இடது பக்கம் 90 டிகிரி திருப்பி அதே மாதிரி காத்திருக்கணும். அப்புறம் உடம்போட இடது பக்கம் புரண்டு மூக்கு தரையப் பாக்கற மாதிரி காத்திருக்கணும். கடைசியா கால தொங்கவிட்டு மெதுவா எழுந்து உக்காரணும். நடுவுல நல்லா சுத்தும், வாந்தி வரலாம், பயப்பட வேண்டாம்.

ஆனா முதல் தடவை டாக்டரோ பயிற்சி பெற்ற பிசியோவோ பண்ணட்டும். எந்தக் காதுன்னு தெரியாம வீட்ல பண்ணிப் பிரயோஜனமில்ல. கழுத்துல நிஜமான பிரச்சனை, கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு, சமீபத்துல கண் விழித்திரை ஆபரேஷன், இதெல்லாம் இருந்தா முன்னாடியே சொல்லிடணும், முறைய மாத்திப் பண்ணுவாங்க. அப்புறம் எப்லி பின்பக்கக் குழாய்க்கு மட்டும்தான், பெரும்பாலானவங்களுக்கு அதுலதான் வரும். படுத்துகிட்டு ரெண்டு பக்கம் திரும்பினாலும் பலமா சுத்துதுன்னா பக்கவாட்டுக் குழாயா இருக்கலாம், அதுக்கு உருண்டு பண்ற வேற முறை இருக்கு.

ஜூன் 6

தனி மெசேஜ்ல ஒருத்தர் "தலைய ஆட்டினா நோய் போயிடும்னா மந்திரிக்கற மாதிரி இருக்கே"ன்னு கேட்டிருக்கார். அந்தக் காலத்து டாக்டர்களுக்கும் அப்படித்தான் பட்டிருக்கு! ஜான் எப்லிங்கறவர் அமெரிக்காவுல காது டாக்டர். 1980 வாக்குல இதை மத்த டாக்டர்கள் முன்னாடி செஞ்சு காட்டினப்ப நம்பினவங்க ரொம்பக் கம்மி, கேலி பண்ணவங்கதான் அதிகம். 1992லதான் அவரோட கட்டுரை பத்திரிகையில வந்துச்சு. இன்னிக்கு உலகம் பூரா முதல் வைத்தியம் அதுதான். தலைய ஆட்டறதுன்னு நினைக்காதீங்க, குழாய் எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குன்னு கணக்குப் போட்டு ஒவ்வொரு திருப்பமும் வச்சிருக்காங்க. மந்திரிக்கறவர் எந்தக் காதுன்னு கேக்க மாட்டார்.

ஜூன் 9

மாத்திரை விஷயம். இதை நிதானமா படிங்க, எனக்கு இதுதான் ரொம்ப ஆத்திரமான இடம்.

தலைசுத்தலை அமுக்கற மாத்திரைகள், புரோகுளோர்பெரசின், சின்னரிசின் மாதிரி, திடீர்னு பயங்கரமா சுத்தி வாந்தி எடுக்கறப்ப ரெண்டு மூணு நாளைக்கு உதவும். அதுக்குதான் அது. அதையே மாசக்கணக்குல போட்டா என்ன ஆகும்னா, உள்காது கெட்டுப்போனாலும் மூளை கொஞ்சம் கொஞ்சமா சமாளிக்கக் கத்துக்கும், அந்தக் கத்துக்கறதையே இந்த மாத்திரை மந்தப்படுத்தும். தூக்கக்கலக்கம் வரும், அதனாலேயே விழுவாங்க. பிபிபிவில இன்னும் மோசம், துகள் குழாய்க்குள்ள கிடக்கு, எந்த மாத்திரையும் அதை எடுத்துப் பழைய இடத்துல வைக்காது.

அம்மாவுக்கு ஒரு கிளினிக்ல எழுதிக் குடுத்தது ஒரு வாரத்துக்கு. அடுத்த தடவை வேற டாக்டர் பாத்தார், சீட்டுல இருக்கறதை அப்படியே திரும்ப எழுதினார். அதுக்கடுத்து இன்னொருத்தர். நாங்களும் சீட்டை நீட்டி மருந்து வாங்கிகிட்டே இருந்தோம், யாரும் எதுக்கு இதுன்னு கேக்கல. வருஷம் ஓடிப் போச்சு. கை நடுங்க ஆரம்பிச்சுது, நடை குறுகிப் போச்சு, முகத்துல சிரிப்பு குறைஞ்சுது. பார்கின்சன்னு பயந்து நரம்பு டாக்டர்கிட்ட போனா அவர் முதல்ல கேட்ட கேள்வியே "என்னென்ன மாத்திரை போடறாங்க, டப்பாவோட கொண்டாங்க"ன்னுதான். மேல சொன்ன ரெண்டு வகையும் மூளையில அசைவைச் சீரா வச்சுக்கற டோபமின்ங்கற ரசாயனத்தைத் தடுக்கும், வயசானவங்களுக்கு நாள்பட போட்டா பார்கின்சன் மாதிரியே அறிகுறி வரலாம். அவர் சொன்னபடி படிப்படியா நிறுத்தினோம், மாசக்கணக்கு ஆச்சு, நடுக்கம் பெரும்பாலும் போயிடுச்சு. எல்லாருக்கும் முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன், அடியில நிஜமான பார்கின்சன் இருந்து மாத்திரையால வெளிய தெரியறதும் உண்டு.

அதனால உங்கப்பா மந்தமா இருக்கார்னு எழுதினீங்களே, அந்த மாத்திரை பேரை இன்னிக்கே பாருங்க. நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட "இது எத்தனை நாளைக்கு"ன்னு கேளுங்க. அந்தக் கேள்விக்கு பதில் இல்லாத மாத்திரை எதுவுமே எங்க வீட்ல இப்ப கிடையாது.

ஜூன் 10

பீட்டாஹிஸ்டின்ங்கற தலைசுத்தல் மாத்திரையும் அதே வகையான்னு கேட்டவருக்கு: இல்ல, அது டோபமினைத் தடுக்கறதில்ல. மெனியர் நோய்க்கு நிறைய எழுதுவாங்க, அதாவது காது அடைச்சு, இரைச்சல் வந்து, கேக்கறது குறைஞ்சு, இருபது நிமிஷத்துலேர்ந்து பல மணி நேரம் வரைக்கும் சுத்தும். அதுலயே எவ்வளவு பலன்னு டாக்டர்கள் நடுவுல ஒத்த கருத்து இல்ல. துகள் பிரச்சனைக்கு எப்லிக்கு பதிலா அதை நம்பி இருக்க வேண்டாம்.

ஜூன் 14

எல்லாத்தையும் காது மேல போட்டுட்டேன்னு தோணக்கூடாது. எங்கம்மாவுக்கு துகள் சரியானப்புறமும் காலைல கட்டில்லேர்ந்து எழுந்தா கண் இருட்டிகிட்டு வந்துச்சு. அது பிபி.

படுத்திருக்கறப்ப மார்புப் பக்கம் இருக்கற ரத்தம் எழுந்து நின்னதும் கால் பக்கம் இறங்கும். இளசுகளுக்கு உடனே ரத்தக்குழாய் சுருங்கி, இதயம் வேகமா அடிச்சு சமாளிச்சிடும். வயசானா அந்தச் சுதாரிப்பு தாமதமாகும். டெஸ்ட் சுலபம்: அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு பிபி எடுங்க, நிக்க வச்சு ஒரு நிமிஷத்துல ஒரு தடவை, மூணு நிமிஷத்துல ஒரு தடவை. மேல் எண் 20, இல்ல கீழ் எண் 10 இறங்கினா நிக்கும்போது பிபி விழுதுன்னு அர்த்தம். எத்தனையோ தடவை செக்கப் போயிருக்கோம், எல்லா எடத்துலயும் நாற்காலியில உக்கார வச்சுதான் பிபி பாத்தாங்க. உக்காந்து பாத்தா இது தெரியவே தெரியாது.

பிபி மாத்திரை, நீர் போகற மாத்திரை, ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட்டுக்கு குடுக்கற டாம்சுலோசின், தூக்க மாத்திரை, மன அழுத்த மாத்திரை எல்லாமே இதைக் கூட்டலாம். ரெண்டு மூணு சேர்ந்தா கேக்கவே வேண்டாம். வயிறு நிறைய சாப்பிட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ளயும் பிபி இறங்கும், சாப்பிட்டதும் எழுந்து போய் விழறவங்க அதனாலதான். எங்கம்மாவுக்கு மாத்திரை அளவையும் நேரத்தையும் டாக்டர் மாத்தினார். அதோட எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டறது, கட்டில் ஓரத்துல ஒரு ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு எழுந்திரிக்கறது, போதுமான தண்ணி. இதய, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க தண்ணி அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

ஜூன் 15

எப்ப உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு தனியா இருக்கட்டும். திடீர்னு சுத்தல் ஆரம்பிச்சு நிக்காம இருக்கு, அதோட பேச்சு குழறுது, ரெண்டு ரெண்டா தெரியுது, முழுங்க முடியல, முகம் கோணுது, ஒரு பக்கம் மரத்துப் போகுது, பிடிச்சுகிட்டா கூட நிக்க முடியல, இதுவரைக்கும் வராத மாதிரி தலைவலி: இதுல எது இருந்தாலும் மூளையோட பின்பகுதியில பக்கவாதமான்னு பாக்கணும். ஒரு காது திடீர்னு கேக்காம போனாலும் அவசரம்தான். சிடி ஸ்கேன் நார்மல்னு சொல்லி அனுப்பினா நிம்மதியாயிடாதீங்க, பின்பகுதி அடைப்பு சிடில பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐல கூட முதல் ஒண்ணு ரெண்டு நாள்ல சிலது தவறிடும். நல்லா பழகின நரம்பு டாக்டர் கண் அசைவைப் பாத்தே சொல்லிடுவார்.

ஜூன் 15, இன்னொண்ணு

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க விழுந்து தலையில அடிபட்டா, வெளிக்காயம் இல்லாட்டியும், நல்லா பேசினாலும், காட்டிடுங்க.

ஜூன் 21

"அம்மாவுக்கு சுத்தல் இல்ல, பிபியும் ஓகே, ஆனா இருட்டுல நடந்தா தடுமாறறாங்க, முகம் கழுவ கண்ணை மூடினா விழப் போறாங்க"ன்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. நாம நிக்கறது மூணு பேர் தயவுல: கண்ணு, உள்காது, பாதத்துலயும் மூட்டுலயும் இருக்கற உணர்ச்சி. ஒருத்தர் லீவு போட்டா மத்த ரெண்டு பேர் சமாளிப்பாங்க. சர்க்கரை வியாதியில பாத நரம்பு செத்துப்போனா, இல்ல பி12 குறைஞ்சா, பாதம் தரையை உணராது, கண்ணை வச்சு ஓட்டிகிட்டு இருப்பாங்க. விளக்கை அணைச்சாலோ கண்ணை மூடினாலோ அந்தத் துணையும் போயிடும். நடக்கும்போது எதிர்ல இருக்கறதெல்லாம் குதிக்கற மாதிரி தெரியுதுன்னா ரெண்டு உள்காதோட சமநிலை வேலையுமே போயிருக்கலாம், ஜென்டமைசின்ங்கற ஆன்டிபயாடிக் ஊசி நிறைய போட்டவங்களுக்கு அப்படி ஆகறதுண்டு.

அக்கா, பி12, சர்க்கரை பாருங்க, பாதத்துல உணர்ச்சி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி பூரா சின்ன விளக்கு எரியட்டும். பின்பக்கம் மூடின, அடி மெல்லிசா, வழுக்காத செருப்பு. மெத்து மெத்துன்னு இருக்கற தடிமனான செருப்பு சுகமா இருக்கும், ஆனா பாதத்துக்கு தரை இன்னும் தூரமாப் போயிடும். கண்ணாடி விஷயத்துல ஒண்ணு: கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒரே கண்ணாடி போட்டுகிட்டு படி இறங்கினா கீழ் பகுதி வழியா படி மங்கலா தெரியும், விழறதுக்கு அது பெரிய காரணம். வெளிய நடக்க தூரப்பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி வச்சுக்கலாம். கண்புரை இருந்தா தள்ளிப் போடாதீங்க.

ஜூன் 28

எங்கண்ணனுக்கும் எனக்கும் இதுல பெரிய வாக்குவாதம் நடந்துச்சு. அவர் பாசத்துலதான் சொல்றார், "அம்மா நடக்க வேண்டாம், எல்லாத்தையும் நாம எடுத்துக் குடுத்துடலாம், விழுந்து இடுப்பு உடைஞ்சா என்ன பண்றது"ன்னு. அந்த பயம் நியாயம்தான். விழறதால வருஷத்துக்கு உலகம் பூரா 6,84,000 பேர் சாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல 60 தாண்டினவங்கதான் அதிகம். ஆனா பயத்துல உக்காந்தா தொடைச் சதை கரையும், சதை கரைஞ்சா இன்னும் தடுமாறும், தடுமாறினா இன்னும் பயம். அம்மா அந்த சுழல்ல பாதி தூரம் போயிட்டாங்க, நான் கண்ணால பாத்தேன். அண்ணன் கடைசில பிசியோ சொன்னதுக்கப்புறம்தான் ஒத்துகிட்டார்.

பிசியோ குடுத்தது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. சுவத்துல ஒரு எழுத்தை ஒட்டி, அதையே பாத்துகிட்டு தலைய மட்டும் இடமும் வலமும் ஆட்டணும். முதல்ல உக்காந்து, பழகினதும் நின்னு. அப்புறம் சமையல் மேடைய பிடிச்சுகிட்டு ஒரு கால் முன்னாடி ஒரு கால் நேர் பின்னாடி வச்சு பத்து செகண்ட் நிக்கறது. கையை ஊணாம நாற்காலியிலேர்ந்து எழுந்து உக்காரறது. ஆரம்பத்துல இதைப் பண்ணா சுத்தல் லேசா கூடும், அம்மா "இதனாலதான் வருது, வேண்டாம்"னு நிறுத்தப் பாத்தாங்க. லேசா கூடினாதான் மூளை பழகும், கொஞ்ச நேரத்துல அடங்கினா சரியான அளவுதான். பக்கத்துல ஆள் நிக்கணும், அது கட்டாயம். தாய் சிங்கற மெதுவான சீன உடற்பயிற்சி பழகறவங்க கம்மியா விழறாங்கன்னு நல்ல ஆதாரமே இருக்கு, முடிஞ்சவங்க போங்க.

ஜூலை 5

கொஞ்சம் வேற பேச்சு. காதுல தண்ணி ஊத்தினா தலை சுத்தும்னு தெரியுமா? ராபர்ட் பாரானின்னு ஒரு வியன்னா டாக்டர், காதைத் தண்ணி விட்டுக் கழுவறப்ப நோயாளிகள் தலை சுத்துதுன்னாங்க. சில்லுன்னு ஊத்தினா கண் ஒரு பக்கம் துடிக்குது, சூடா ஊத்தினா எதிர்ப்பக்கம் துடிக்குது. அதைப் பிடிச்சுகிட்டு போய் உள்காது எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சார். 1914க்கான நோபல் பரிசு, ஆனா முதல் உலகப் போர்ல ரஷ்யர்கள்கிட்ட கைதியா மாட்டிகிட்டு இருந்தப்பதான் அந்தச் சேதி அவருக்கு வந்துச்சு, 1916ல விடுதலையாகித்தான் போய் வாங்கினார். இப்பவும் காதுல வெந்நீரும் குளிர்ந்த நீரும் விட்டு டெஸ்ட் பண்றாங்க. அம்மாவுக்கு பண்ணப்ப இந்தக் கதைய சொல்லிகிட்டே இருந்தேன், "அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும், ஆனா தண்ணி ரொம்ப சில்லுன்னு இருக்கு"ன்னாங்க.

ஜூலை 12

கேட்டவர் திரும்ப எழுதியிருக்கார், அப்பாவுக்கு டெஸ்ட்ல வலது காதுன்னு தெரிஞ்சு எப்லி பண்ணியிருக்காங்க, புரண்டா சுத்தறது நின்னுடுச்சாம். படிச்சதும் அவ்வளவு சந்தோஷம்! ஆனா ரெண்டு நாளா நடந்தா மிதக்கற மாதிரி இருக்குங்கறாராம், சரியா பண்ணலையோன்னு சந்தேகப்படறார்.

பெரும்பாலும் அப்படி இல்ல. துகள் போனப்புறமும் சில நாள், சில வாரம் கூட லேசான மிதப்பு இருக்கும், அதுவா குறையும். நடமாட்டத்தை நிறுத்த வேண்டாம். தலைய மரக்கட்டை மாதிரி வச்சுகிட்டு நடக்கறவங்களுக்குதான் மிதப்பு போக நாளாகுது, அதனால கழுத்துப் பட்டைய இன்னும் போட்டிருந்தா தொடரணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. புரளும்போது பழைய மாதிரி சுத்தினா இன்னொரு தடவை எப்லி பண்ணணும், ஒரே தடவைல போகாதது சகஜம். மூணு மாசம் தாண்டியும் நிக்கும்போது, நடக்கும்போது, நிறைய பேர் நடமாடற கடைக்குள்ள போகும்போது மிதந்துகிட்டே இருந்தா அது வேற, மூளை பழைய எச்சரிக்கையிலேயே மாட்டிகிட்டு நிக்கறது, அதுக்கும் பயிற்சியும் மருந்தும் இருக்கு.

ஜூலை 13

திரும்ப வருமான்னும் கேட்டிருக்கார். வரலாம், நிறைய பேருக்கு சில வருஷத்துக்குள்ள திரும்ப வருது. வந்தா பயப்படாம அதே டாக்டர்கிட்ட போங்க, எத்தனை தடவை வந்தாலும் எப்லி வேலை செய்யும். மறுபடி வர்றப்ப வேற காதாவோ வேற குழாயாவோ இருக்கலாம், அதனால போன தடவை பண்ணதையே கண்ணை மூடிகிட்டு வீட்ல பண்ணாம டெஸ்ட் பண்ணிட்டு பண்ணுங்க. வைட்டமின் டி அளவையும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. குறைவா இருக்கறவங்களுக்கு வைட்டமின் டியும் கால்சியமும் குடுத்ததுல திரும்ப வர்றது குறைஞ்சுதுன்னு 2020ல கொரியாவுல ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கு. அளவு டாக்டர் சொல்லட்டும், அள்ளிப் போட வேண்டாம்.

ஜூலை 13, விட்டுப்போனது

கைத்தடி வாங்கப் போறேன்னு எழுதியிருந்தீங்க. அப்பா செருப்போட நேரா நின்னு கைய தொங்க விட்டா மணிக்கட்டு ரேகை எந்த உயரத்துல இருக்கோ அங்க தடியோட பிடி வரணும். பலவீனமான காலுக்கு எதிர்க் கையில பிடிக்கணும், அடியில ரப்பர் தேஞ்சா உடனே மாத்தணும். விழுந்துட்டா எழுந்திரிக்கறதையும் இப்பவே கத்துக் குடுங்க: அடி இல்லன்னு தெரிஞ்சதும் பக்கவாட்டுல புரண்டு, கைமுட்டி ஊணி, நாலு கால்ல தவழ்ந்து கனமான நாற்காலிகிட்ட வந்து, ரெண்டு கையையும் அதுமேல வச்சு, பலமான காலை முன்னாடி ஊணி, திரும்பி உக்காரணும். எங்கம்மா பிசியோ முன்னாடி பாய் மேல பழகினாங்க. முட்டி வலி இருந்தா அடியில தலையணை போட்டுக்கலாம்.

உடம்புக்கு பக்கத்துலயே போன் இருக்கணும், கழுத்துல மாட்டிக்கற மாதிரி உறை கிடைக்குது.